நூற்றுக்கு நாற்பத்தொன்பது

பேர்ணடெற்றுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று கொட்டாஞ்சேனையில் சொல்லிக்கொள்வார்கள். அது பொய். பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் ஒருவரைப் பொருட்படுத்தினால் வருகிற சங்கதி. அவள் ஒருவரையும் பொருட்படுத்தியதில்லை. ஐம்பத்திரண்டு வயது வரை ஒரே குறுக்குத்தெருவில் குடியிருந்தும், அந்தத் தெருவில் அவளைத் தன் வீட்டுக் கலியாணத்துக்கு மனதார அழைத்தவர் கிடையாது. அழைத்தால் வருவாள், வந்தால் சாப்பிடுவாள், சாப்பிட்டுக் கை கழுவும்போது கறித்தூளில் எத்தனை பங்கு அரிசிமா கலந்திருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போவாள். அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

சரியாக இருப்பதுதான் அவளுடைய தொழில். துறைமுகத்துக்குப் போகிற தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்த தனியார் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தேழு வருடமாக வேலை செய்தாள். மிளகாய்த்தூள், கருவாடு, கோழித்தீன், தேங்காய்ப்பூ என்று யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும், அதில் என்ன எத்தனை வீதம் என்று கண்டுபிடித்துத் தடித்த மட்டைக் கொப்பியில் மையால் எழுதுவாள். எழுதியதை அழித்ததில்லை, வெட்டியதில்லை. 'நான் பிழை விட்டிட்டன்' என்ற வசனம் அவள் வாயிலிருந்து வந்ததை அந்தக் கூடத்தின் பல்லிகள்கூடக் கேட்டதில்லை.

அறிக்கைக்குக் கீழே போடுகிற கையெழுத்து மட்டும் அவளுடையது அல்ல. அது கூடத்தின் சொந்தக்காரர் ஸாலிஹ் டொக்டருடையது. அவர் இங்கிலாந்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். பட்டத்தைக் கப்பலில் ஏற்றியவர் இரசாயனத்தை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தார் என்பது பேர்ணடெற்றின் முடிவு. அவள் எழுதியதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அந்த ஒரு காரியத்தில்தான் அவருக்குப் புத்தி இருந்தது.

இளவயதில் ஒருமுறை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சுங்கத்தில் கிளாக்கர். வந்த இடத்தில், "எங்கட அம்மா சுடுற அப்பம் நூற்றுக்கு இருநூறு ருசி" என்று பெருமையடித்தார். "நூற்றுக்கு இருநூறு எண்டு ஒண்டு இல்லை" என்றாள் பேர்ணடெற். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. அதற்காக அவள் ஒரு துளி கண்ணீர் விடவில்லை. வீதம் தெரியாதவனோடு குடித்தனம் நடத்துவதற்குக் கன்னியாஸ்திரி மடமே மேல் என்று நினைத்தாள். மடத்திலும் ஒருத்திக்கும் வீதம் தெரியாது என்பதால் அங்கேயும் போகவில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான், யுத்தம் தொடங்கிப் பத்து வருடமான போது, வெள்ளவத்தை முத்துலிங்கம் ஒரு பச்சைத்தூள் டின்னோடு வந்து சேர்ந்தார்.

முத்துலிங்கம் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். வேலையில் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குத் தண்ணீர் விட்டதாகச் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு கட்டுவதற்கு அணை கிடைக்கவில்லை. வீட்டு மொட்டைமாடி கிடைத்தது. அங்கே ஆறு சீமெந்துத் தொட்டிகளைக் கட்டி, ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகையில் படித்த சுருள்பாசியை வளர்க்கத் தொடங்கினார். கூடவே ஒரு நலன்புரிச் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆகிக்கொண்டார். சங்கத்தின் வேலை, வடக்கிலிருந்து துரத்தப்பட்டு மட்டக்குளி முகாமில் கிடந்த முஸ்லிம் சனங்களின் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் அவித்த முட்டை கொடுப்பது. அதற்கான உதவி ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்திடமிருந்து வந்தது.

"இனி முட்டை தேவையில்லை" என்றார் முத்துலிங்கம், டின்னை மேசையில் வைத்து. "முட்டையில புரதம் நூற்றுக்குப் பன்னிரண்டு. என்ர பாசியில அறுபதுக்கு மேல. ஐஞ்சு மடங்கு! நாளுக்கு ஒரு தேக்கரண்டி போதும். அறுபதுக்கு மேல எண்டு உங்கட றிப்போட் வந்தால் முட்டையை நிற்பாட்டிப்போட்டு, அந்த உதவியைப் பாசிக்குத் திருப்புறதுக்கு வெள்ளைக்காரன் ஓம் எண்டிட்டான்."

ஸாலிஹ் டொக்டர் நாற்காலி நுனிக்கு வந்து பல்லிளித்தார். "மாஷா அல்லாஹ்! அய்ஞ்சு மடங்கு!"

பேர்ணடெற் டின்னைத் திறந்து பார்த்தாள். "ஒரு தேக்கரண்டி எத்தனை கிராம்?"

"மூண்டு கிராம் வரும்" என்றார் முத்துலிங்கம்.

"மூண்டு கிராமில நூற்றுக்கு அறுபது எண்டால் ரெண்டு கிராம் புரதமும் இல்லை. ஒரு முட்டையில ஆறு கிராம் இருக்கு. ஐஞ்சு மடங்கு கூட இல்லை சேர். மூண்டில ஒரு பங்கு."

முத்துலிங்கம் அவளைப் பார்க்காமல் ஸாலிஹ் டொக்டரைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளைக்கு உது விளங்காது. உலகம் முழுக்க உதைத்தான் எதிர்கால உணவு எண்டு சொல்லுறான்."

"பேர்ணடெற், சேர் செல்றத கொஞ்சம் கேளுங்களேன்" என்றார் ஸாலிஹ் டொக்டர்.

அணை கட்டிய மனிதருக்கு மூன்றை அறுபதால் பெருக்கத் தெரியவில்லை, இலண்டன் பட்டத்துக்கும் தெரியவில்லை. கழுதையிடம் கணக்குச் சொல்லி வாயை ஏன் நோகடிக்க வேண்டும் என்று பேர்ணடெற் டின்னுக்கு இலக்கம் ஒட்டி அலுமாரியில் வைத்தாள்.

மறுநாள் புதன்கிழமை, மட்டக்குளி முகாமில் பாசிக் கஞ்சி அறிமுக விழா நடந்தது. பரிசோதனைக்கூடத்தின் சார்பில் ஒருவர் நிற்க வேண்டும் என்று ஸாலிஹ் டொக்டர் அவளை அனுப்பி வைத்தார். கடற்கரையோரத்தில் தகரமும் கிடுகுமாக நின்ற கொட்டில்களுக்கு நடுவே ஒரு பதாகை கட்டப்பட்டிருந்தது. முத்துலிங்கம் கால்மணி நேரம் பேசினார். பிறகு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு கோப்பை பச்சைக் கஞ்சி கொடுத்து, குடிக்கிற மாதிரிப் படம் பிடித்தார்கள். படம் பிடித்து முடிந்ததும் முதல் பிள்ளை துப்பியது. மற்றதுகளும் துப்பின. பதாகைக்குக் கீழே மணல் பச்சையாகிவிட்டது.

"பழக்கத்தில வந்திடும்" என்றார் முத்துலிங்கம். அவர் ஒரு வாயும் குடிக்கவில்லை.

முகாமின் சமையலை லுத்பியா என்ற பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னார்ப் பக்கத்திலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவள். விழாக்காரர்கள் வாகனத்தில் ஏறிய பிறகுதான் பெரிய அண்டாவின் மூடியைத் திறந்தாள். அன்று முட்டை நாள். பிள்ளைகள் ஓடி வந்த வேகத்தில், குந்தியிருக்கிற வாங்கு ஒன்று கவிழ்ந்தது. ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி முட்டையை வாங்கி, உடைக்காமல், சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

"அது ஏன் தின்னாம ஒளிக்குது?" என்று பேர்ணடெற் கேட்டாள்.

"பின்னேரம் வரைக்கும் வச்சிருக்கும் மிஸ். இடைக்கிட எடுத்துப் பாக்கும்" என்றாள் லுத்பியா. "முட்டைய நிப்பாட்டப் போறாங்களாமே, மெய்யா?"

"அது றிப்போட்டில இருக்கு."

"றிப்போட்ட ஆர் எழுதுறது?"

பேர்ணடெற் பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் எழுதுவது எண். அந்த எண்ணை வைத்து யார் முட்டையைப் பறிக்கிறார்கள், யார் தேங்காய் உடைக்கிறார்கள் என்பது அவள் பாடு அல்ல. அறுபது என்றால் அறுபது. அப்படித்தான் இருபத்தேழு வருடமாக இருந்தாள். ஆனாலும் அந்தச் சட்டைக்குள் போன முட்டை பஸ்ஸில் அவளோடு கூடவே வந்தது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

அடுத்த நாள் சோதனையைத் தொடங்கினாள். தூளை நிறுத்து, கடும் அமிலத்தில் போட்டு, கறுப்பெல்லாம் போய்த் தெளிகிற வரை கொதிக்க வைத்து, அதிலிருக்கும் நைதரசனை அமோனியாவாகப் பிரித்தெடுத்து, துளித்துளியாக அளந்து, வந்த எண்ணை ஆறேகாலால் பெருக்க வேண்டும். அதுதான் புரதம். இந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுக் குணம் உண்டு: அது புரதத்தைக் கண்டதில்லை, நைதரசனைத்தான் காணும். நைதரசன் எங்கிருந்து வந்தாலும் புரதம் என்றே சொல்லும்.

முடிவு எழுபத்துநான்கு என்று வந்தது.

திரும்பச் செய்தாள். எழுபத்துநான்கேதான். அவள் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸாலிஹ் டொக்டர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டார். "எழுபத்திநாலா!" என்று கூவிக்கொண்டு போய் முத்துலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வெள்ளவத்தையில் முத்துலிங்கம் துள்ளியது கொட்டாஞ்சேனை வரைக்கும் கேட்டது.

பேர்ணடெற் துள்ளவில்லை. தண்ணீரிலும் வெயிலிலும் முளைக்கிற எதிலும் இவ்வளவு புரதம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். முன்பு ஒரு கோழித்தீன் வியாபாரி இப்படித்தான் வந்தான். உமியில் யூரியா உரத்தைக் கலந்து, புரதம் என்று கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தான். அவனைப் பிடித்த அதே வழியை இதற்கும் எடுத்தாள். பச்சைச் சோயாவை அரைத்துத் தண்ணீரில் கரைத்து, பாசித்தூள் போட்ட ஒரு குடுவையில் ஊற்றினாள். இன்னொரு குடுவையில் சோயா இல்லாமல் தூளும் தண்ணீரும் மட்டும். யூரியா இருந்தால் சோயா அதைப் பிடித்து உடைத்து அமோனியாவாக்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடுவைகளின் வாய்க்கு நேரே நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடித்தாள். சோயா இல்லாததில் தாள் அப்படியே இருந்தது. சோயா ஊற்றியதில் நீலமாகிவிட்டது. மூத்திரச் சந்து நாற்றம் மூக்கில் ஏறியது.

பேர்ணடெற்றுக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு மனிதர் கள்ளன் என்று தெரியவந்தால் அவளுக்குப் பசி எடுக்கும். அன்று மத்தியானம் இரண்டு பார்சல் சோறு சாப்பிட்டாள். 'எதிர்கால உணவு' என்று பதாகை கட்டியவர் பிள்ளைகளின் கோப்பைக்குள் உரத்தைக் கொட்டியிருக்கிறார்! கொப்பியைத் திறந்து, முதலில் எழுபத்துநான்கு என்றும், அதற்குக் கீழே 'யூரியா கலந்தது' என்றும் மையால் எழுதினாள். தூளை நன்றாகக் கழுவி, உலர்த்தி, மறுபடி சோதித்தாள். நாற்பத்தொன்பது. அதையும் எழுதினாள்.

அறிக்கையை ஸாலிஹ் டொக்டரின் மேசையில் வைக்குமுன் ஒரு ஆசை. கள்ளன் கலக்கிற இடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை பஸ் ஏறினாள். கோட்டைப் பக்கம் வரும்போது எல்லாரையும் இறக்கி, "ஐ.சி. தென்ன" என்று சிங்களத்தில் கேட்டு அடையாள அட்டை பார்த்தார்கள். அவளுடைய அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்த பொலிஸ்காரனை அவள் பார்த்த பார்வையில், அவன் அட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினான்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில் முத்துலிங்கத்தின் வீடு. அவர் கோயிலுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தவள் ராக்கம்மா. வீட்டு வேலைக்காரி, கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஒன்பது வருடம். பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும் அவளுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"வாங்க மிஸ், வாங்க. நம்ம பாசிய பாக்கவா வந்தீங்க?"

நம்ம பாசி! பாத்திரம் தேய்க்கிறவளுக்கும் பேராசிரியர் நினைப்பு வந்துவிட்டது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு பேர்ணடெற் மாடிப்படி ஏறினாள்.

மேலே போன பிறகுதான் யாருடைய பாசி என்று தெரிந்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை மணிக்கொரு தரம் தென்னம்மட்டையால் தொட்டிகளைக் கலக்குவது ராக்கம்மா. வெயில் கடுமையானால் பழைய சேலையைப் பந்தலாகக் கட்டுவது ராக்கம்மா. மெல்லிய வொயில் சேலையில் பாசியை வடித்து, பிழிந்து, இடியப்ப உரலில் போட்டுப் பாயில் நூல் நூலாகப் பிழிந்து காயவைப்பதும் அவள்தான். பச்சை இடியப்பம் பாய் நிறையக் கிடந்தது. பதம் பார்க்க ஒரு நூலை ஒடித்துக் காட்டினாள். 'டிக்' என்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டதாம். முத்துலிங்கம் மாதத்தில் ஒருமுறை, விருந்தாளி வந்தால் மேலே ஏறுவார்.

ஐந்து தொட்டிகள் கரும்பச்சையாக இருந்தன. ஆறாவது மஞ்சள்கட்டி, நாற்றமெடுத்துக் கிடந்தது.

"இதுக்குள்ளதான் யூரியா போட்டதா?" என்று பேர்ணடெற் நேரடியாகக் கேட்டாள்.

ராக்கம்மாவின் பல் மறைந்தது. மாடிச்சுவருக்கு மேலால் ஒழுங்கையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அத வேணும்னு போடல மிஸ். பாசிக்கு நாளைக்கு ஒரு கரண்டி போடணும்னு ஐயா எங்க ஊரு மரக்கறி லொறியில ஒரு மூட்டை எறக்க சொன்னாரு. என் மச்சான்தான் ஏத்திவிட்டாரு. போன வாரம் விடிய ரவுண்ட் அப்பு. ஒழுங்கைக்கு ரெண்டு பக்கமும் ஆமி நிக்குது. ஐயா சாரத்தோட ஓடியாந்து, 'ராக்கம்மா, குண்டு செய்யிற சாமான் எண்டு பிடிச்சுக்கொண்டு போயிடுவங்களே, ராக்கம்மா'ன்னு அழுகிறாரு. கக்கூசுல கொட்டுனா அடைச்சிக்கும். ரோட்டுல கொட்டுனா வெள்ளையா கெடக்கும். நான்தான் மூட்டையோட தூக்கி இந்தத் தொட்டியில கவுத்துட்டேன். சாக்க அடுப்புல எரிச்சேன். ஆமி மேல ஏறி வந்து பாத்தாங்க. பச்சத் தண்ணின்னு மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

"அந்தத் தொட்டிப் பாசியை ஏன் எடுத்தனீ?"

"மறுநா பாத்தா மஞ்சளாவுது. சாவப்போவுதேன்னு மனசு கேக்கல. பூராத்தையும் வடிச்சிக் காயவச்சேன். கழுவ நேரமில்ல. ஐயா வந்து, குவிஞ்சி கெடந்தத பாத்துட்டு அதுலயே டின்னு நெறப்பிட்டாரு."

ஆக, கள்ளன் இல்லை. கோழை. பேர்ணடெற்றுக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. கள்ளனையாவது மதிக்கலாம், அவனுக்குக் கொஞ்சம் மூளை வேண்டும். இந்த மனிதர் வேலைக்காரியின் தலையில் மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, எந்தத் தொட்டியிலிருந்து எடுத்தோம் என்றுகூட நினைக்காமல், தன் கெட்டித்தனத்தால் எழுபத்துநான்கு வந்தது என்று நம்பிக்கொண்டு அருச்சனைக்குப் போயிருக்கிறார்.

"உனக்கு ஐ.சி. இருக்கா?" என்று கேட்டாள்.

"எங்க மிஸ் இருக்கு? தோட்டத்து ஆளு. பதிவே இல்லாமப் போச்சு. வீட்டுல யாரு யாரு இருக்காங்கன்னு ஐயா பொலிசுல பதிஞ்ச ரிப்போட்டுல வேலைக்காரின்னு ஒரு வரி எழுதியிருக்கு. அதான்."

பேர்ணடெற் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தாள். அந்த நாட்களில் யூரியா என்ற சொல்லையும் வெள்ளவத்தைத் தமிழ் வீட்டு விலாசத்தையும் ஒரே தாளில் எழுதினால் என்ன நடக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். அமிலப் புட்டி எத்தனை இருக்கிறது என்று மாதாமாதம் பொலிசுக்கு எழுதிக் கொடுக்கிற ஸாலிஹ் டொக்டர், அந்தச் சொல்லைக் கண்ட அடுத்த நிமிடம் தொலைபேசியைத் தூக்குவார். பொலிஸ் வரும். முத்துலிங்கத்துக்கு மந்திரிமாரைத் தெரியும். அவர் வாலைச் சுருட்டிக்கொண்டு வேலைக்காரியைக் கைகாட்டுவார். மூட்டையை ஏற்றிவிட்டது அவள் மச்சான், கவிழ்த்தது அவள் கை, அட்டை இல்லாதவளும் அவள்தான். போனால் வருவாளா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

"மொதத் தொட்டிப் பாசி கொஞ்சம் தரட்டா மிஸ்?" என்றாள் ராக்கம்மா. "அது சுத்தம். அத டெஸ்ட் பண்ணுங்க. நல்லா வரும்."

நல்லாத்தான் வரும். பேர்ணடெற் அந்தப் பச்சையைப் பார்த்தே சொல்லிவிடுவாள், அறுபது தாண்டும் என்று. அறுபது தாண்டினால் மட்டக்குளியில் முட்டை நிற்கும். சட்டைக்குள் ஒளித்து வைத்துப் பார்க்க ஒன்றும் இருக்காது.

"வேண்டாம். தந்த சாம்பிளைத்தான் சோதிக்கிறது. அதுதான் சட்டம்" என்றாள். "கெட்ட தொட்டியைக் கொட்டு. அதில எடுத்த தூள் ஒரு சிட்டிகை மிச்சம் வைக்காம எறி. கேட்டா, மழையில நனைஞ்சிட்டுது எண்டு சொல்லு. மூட்டைக் கதையை இனி ஒருத்தருக்கும் சொல்லாத. எனக்கும் நீ சொல்லயில்லை. விளங்கிச்சா?"

ராக்கம்மா தலையாட்டினாள். விளங்கியது மூட்டை மட்டும்தான். முதல் தொட்டிப் பாசியை ஏன் வேண்டாம் என்றாள் என்பது விளங்கவில்லை. கையில் எடுத்த பச்சை நூல்களைத் திரும்பப் பாயில் போட்டாள்.

திங்கட்கிழமை பேர்ணடெற் நேரத்தோடு கூடத்துக்குப் போனாள். கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். கிழிபடும் சத்தம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. தாளைச் சுவாலையில் பிடித்துச் சாம்பலாக்கிவிட்டு, புதுப் பக்கத்தில் ஒரே ஒரு எண்ணை எழுதினாள்: நாற்பத்தொன்பது. கழுவிய பிறகு வந்தது என்று எழுதவில்லை. பிறர் எழுதினால் இதற்குப் பொய் என்று பெயர் வைத்திருப்பாள்.

பத்து மணிக்கு முத்துலிங்கம் ஒரு பெட்டி லட்டோடு வந்தார். ஸாலிஹ் டொக்டர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு அறிக்கையை வாங்கினார். அன்றைக்கென்று பார்த்து, ஆயுளில் முதல்முறையாக, கையெழுத்துப் போடுமுன் படித்தார்.

"என்ன இது? நாப்பத்தொன்பதா? எழுபத்திநாலு எண்டு நானே பாத்தனே!"

லட்டுப் பெட்டி மேசையில் பாதி திறந்தபடி இருந்தது. இரண்டு முட்டாள்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் சேர்த்து அவள் காறித் துப்பியிருப்பாள், வேறொரு நாளாக இருந்தால்.

"நான் பிழை விட்டிட்டன்" என்றாள் பேர்ணடெற்.

"என்ன?"

"அளக்கிறதில பிழை. என்ட பிழை. திரும்பச் செய்து பாத்தன். நாப்பத்தொன்பதுதான்."

முத்துலிங்கத்தின் முகம் முதலில் தொங்கியது, பிறகு சிவந்தது. "உதுக்குத்தான் சொல்லுறது, படிச்ச ஆக்களைக் கொண்டு செய்விக்க வேணும் எண்டு! மூண்டை அறுபதால பெருக்கி எனக்குப் பாடம் எடுக்க வந்தவ! நான் வேற இடத்தில குடுத்துச் சோதிப்பிக்கிறன்."

கொடுக்கவில்லை. நிறுவனம் கேட்ட திகதி மறுநாளோடு முடிந்துவிட்டது. அறுபதுக்குக் கீழே என்றதும் அவர்கள் ஒரு வரியில் மறுத்து எழுதினார்கள். மட்டக்குளியில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. முத்துலிங்கம் இரண்டு மாதத்தில் பாசியை மறந்து, அதே தொட்டிகளில் வண்ண மீன் விட்டார். ஸாலிஹ் டொக்டர் பேர்ணடெற்றுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். அதில் மூன்று எழுத்துப்பிழை. அன்றிலிருந்து அவளுடைய எண்களைக் குடுவையின் பக்கத்தில் நின்று சரிபார்க்கத் தொடங்கினார். அவர் சரிபார்ப்பதைப் பார்க்கிற கொடுமையை அவள் ஓய்வு பெறுகிற வரை பொறுத்தாள். கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை பரவிற்று. கறித்தூளில் அரிசிமா என்று அவள் சொன்னால், "அது சரி, பாசியையும் இப்படித்தானே அளந்தனீங்க" என்று சிரிக்கத் துணிந்தார்கள். கலியாணங்களுக்கு இப்போது தாராளமாக அழைத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனாள். செவ்வாய் தோறும் போவாள். வேண்டுதலுக்கு அல்ல, மெழுகுதிரி கொளுத்தி அந்தோனியாரோடு பேரம் பேசுகிற சனங்களைப் பார்த்து ஏளனம் பண்ணுவதற்கு. வாசலில் சிப்பாய்கள் பைகளைக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வரிசையில் ராக்கம்மா நின்றாள். செவ்வாயில் மிஸ் இங்கேதான் வருவாள் என்று கூடத்தில் விசாரித்து, வெள்ளவத்தையிலிருந்து அவளைப் பார்க்கவே வந்திருந்தாள். சிப்பாய் அவளுடைய பையிலிருந்த டின்னைத் திறந்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, மூடிக் கொடுத்தான். அதை அவள் நேரே கொண்டுவந்து பேர்ணடெற்றின் கையில் வைத்தாள்.

"மொதத் தொட்டி மிஸ். மீனு விடுறதுக்கு முந்தி கடைசியா எடுத்தது. ஐயா சொன்னாரு, ஒங்களுக்கு வேலை தெரியாதுன்னு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா பாசிய நான் ஒரு நாளும் கெடுத்ததில்ல. இத ஒழுங்கா டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

பேர்ணடெற் டின்னை வாங்கிக்கொண்டாள். ஸாலிஹ் டொக்டர் ஜும்மாவுக்குப் போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சோதித்தாள். கழுவ வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு சுத்தமான தூள் அந்தக் கூடத்துக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அடுத்த செவ்வாய் ராக்கம்மா அதே இடத்தில் காத்துக்கொண்டு நின்றாள்.

"அறுபத்திரண்டு" என்றாள் பேர்ணடெற். "நல்ல பாசி, ராக்கம்மா. முதல்தரம்."

ராக்கம்மா அந்த எண்ணை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "அப்ப அன்னிக்கே இத எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல மிஸ்?" என்று கேட்டாள். "நான்தான் தரேன்னு சொன்னேன்ல?"

இரண்டடி தூரத்தில் துவக்கோடு சிப்பாய் நின்றான். யூரியா என்ற சொல்லை அங்கே வாயில் எடுக்க முடியாது. முட்டையைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் ஒன்பது வருடம் பாத்திரம் தேய்த்தவளுக்கு முதல்முறையாகப் பெருமை தந்த ஒன்றை, யாரோ ஒரு சிறுமியின் சட்டைக்குள் இருக்கும் முட்டைக்காக மிதித்தேன் என்று எப்படிச் சொல்வது?

"ஓம், என்ட பிழைதான்" என்றாள் பேர்ணடெற்.

ராக்கம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கி, தலையை மெல்ல ஒருமுறை ஆட்டினாள். பேர்ணடெற் இருபத்தேழு வருடமாக ஊரைப் பார்த்து ஆட்டிய ஆட்டம் அது. தனக்கு எதிரே நின்று ஒருத்தி ஆட்டி அவள் பார்த்ததில்லை. பேர்ணடெற் திருப்பிக் கொண்டுவந்திருந்த காலி டின்னை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ராக்கம்மா மெழுகுதிரி விற்கிற பக்கம் நடந்தாள்.